கந்தரோடைக் காசு முதல் கைத்தொலைபேசிக் காசு வரை

சுன்னாகச் சந்தையிலே கண்ட சிறு காட்சியொன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன். மரக்கறி விற்கும் ஆச்சி ஒருவரிடம் ஓர் இளைஞர் கத்தரிக்காய் வாங்கினார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார், காசில்லை. கைத்தொலைபேசியை எடுத்தார்.

"ஆச்சி, கியூ. ஆர். இருக்கோ?"

"அதென்ன மருந்தடா மோனை?"

"காசில்லையணை. போனாலை அனுப்பலாமோ எண்டு கேட்டனான்."

"காசில்லையெண்டால் கத்தரிக்காயைக் கொண்டு போ. நாளைக்குக் கொண்டுவந்து தா. நீ ஆற்றை மோன் எண்டு எனக்குத் தெரியாதே?"

சுற்றிநின்றவர்கள் சிரித்தனர், இளைஞரும் சிரித்துக்கொண்டே போனார். எனக்கோ அது வெறுஞ் சிரிப்போடு போகவில்லை. பணம் என்பது யாது? அதற்குப் பெறுமதி எங்கிருந்து வருகின்றது? ஒரு கடைக்காரன் ஒருவகைக் காசை ஏற்று மற்றொரு வகையை மறுப்பது ஏன்? இன்று 'டிஜிட்டல் நாணயம்' என்ற பேச்சு எங்கும் எழுந்துள்ளது. இளைஞர் அதனை வியக்கின்றனர், முதியோர் ஐயுறுகின்றனர். இருசாராரும் நம்மூர்ப் பணத்தின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராயின், வியப்பும் ஐயமும் தத்தம் அளவில் நிற்கும் என்பது எனது எண்ணம்.

கந்தரோடை மண்ணில்

வரலாற்றைத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சுன்னாகத்தின் அண்டை ஊராகிய கந்தரோடையே போதும். 1917 ஆம் ஆண்டு முதலாகப் போல் ஈ. பீரிஸ் அவர்கள் அங்கே ஆராய்ச்சி செய்தபோது, மிகப் பழைய முத்திரை குத்திய வெள்ளி நாணயங்களும், உரோம நாணயங்களும், திருமகள் உருவம் பொறித்த சிறு செப்புத் தகடுகளும் வெளிப்பட்டன. 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் அங்கே அகழ்ந்து, அவ்வூரின் குடியிருப்பு கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குச் செல்வதைக் காட்டினர்.

இதன் பொருளை இளைஞர் ஊன்றி நோக்கல் வேண்டும். உரோம மன்னன் தலை பொறித்த காசு, அம்மன்னன் ஆணை செல்லாத கந்தரோடையிலே எதற்காகக் கிடக்கின்றது? இங்குள்ளோர் அம்மன்னனை அறியார். அவன் மொழியையும் அறியார். ஆயினும் அக்காசை வேறொருவர் கையேற்பார் என்பதை அறிந்திருந்தனர். அயல்நாட்டுப் புதுக்காசை முதலில் ஏற்று வாங்கியவர்கள் நம்மூர் வணிகரே. ஆகவே, புதியது கண்டு அஞ்சுதல் நம்மவர்க்குப் பழக்கமன்று.

அதே சமயம், நம்பிக்கைக்கு விதியும் வேண்டும் என்பதை அறிந்தோரும் முன்னிருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த தமிழ்ச் சாசனம் நயினாதீவிலே உள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்கிறது அது. யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கும், மூன்று கூறு உடையவனுக்கும். ஏனைய பண்டங்களை ஏற்றிவந்த கலமாயின் சரிபாதி என்றும் அது வகுத்துரைக்கின்றது. வணிகன் துணிந்து வருவதற்குக் காசு மட்டும் போதாது. இழப்பு நேர்ந்தவிடத்து நீதி உண்டு என்ற உறுதியும் வேண்டும். இதனைப் பின்னரும் நினைவுகொள்வோம்.

சேதுக் காசு

நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தமக்கென நாணயம் அடித்தனர். ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, அதன்மேற் பிறை, கீழே 'சேது' என்னும் தமிழ் எழுத்து. இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என்று முன்னர்க் கருதியோரும் உளர். கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் முதலிய ஆராய்ச்சிகளின் பின், இவை யாழ்ப்பாண மன்னர்களுடையன என்பது நிலைபெற்றது. ஓர் அரசு தன் பெயரைச் செம்பிற் பொறித்து, 'இதற்கு நான் பொறுப்பு' என்று குடிகளுக்கு அறிவிப்பதே நாணயம். 'நாணயமானவன்' என்று நேர்மையாளனை நாம் சொல்லும் வழக்கும் இங்கே கருதத்தக்கது. காசுக்கும் வாய்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றது நம் மொழி.

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். அரசு மாறுந்தோறும் காசும் மாறிற்று. பணம், துட்டு, சல்லி, இறைசால் என்று நம் முதியோர் வழங்கிய பெயர்கள் அக்காலங்களின் எச்சங்களே. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையிலே ஒற்றி, ஈடு, வட்டிக்கடன் ஆகியவை பற்றிய விதிகள் உள. நம் சமூகத்திற் காசைவிடக் கடனே பெரிய இடம் வகித்தது என்பதற்கு இஃதொரு சான்று.

கடதாசி வந்த கதை

செம்பும் வெள்ளியும் கையிற் கனப்பவை. கடதாசியோ காற்றிற் பறப்பது. இலங்கையிற் கடதாசிப் பணத்தை 1785 இல் ஒல்லாந்தர் வெளியிட்டனர். ஆங்கிலேயரும் இறைசால் நோட்டுகளை வெளியிட்டனர். அவற்றின் பெறுமதி வரவரக் குறைந்தது. ஈற்றில் 1825 இல் ஆங்கில நாணயம் சட்டமுறையாக்கப்பட்டபோது, ஓர் இறைசால் ஒரு சிலிங் ஆறு பென்சாகக் கணிக்கப்பட்டது. 1872 இல் ரூபாவும் சதமும் வந்தன. நூறு சதம் ஒரு ரூபா என்ற கணக்கு அன்று எத்தனை முதியோரைத் திணறடித்திருக்கும்! இன்று கைத்தொலைபேசி முன் தடுமாறும் பெரியவர்களை நகைப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

அக்காலத்து நோட்டுகளை வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுட் பெரியது ஓரியன்ரல் வங்கி. கோப்பிச் செடியை நோய் அழித்தது, தோட்டங்கள் வீழ்ந்தன, 1884 மே மாதத்தில் அவ்வங்கியும் வீழ்ந்தது. முதல்நாட் பணமாயிருந்த நோட்டு மறுநாள் வெறுங் கடதாசியாயிற்று. அன்றைய தேசாதிபதி ஆதர் கோர்டன், அந்நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்ததனால் பெருங்குழப்பம் தணிந்தது. அதன்பின் நோட்டு வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பணத்தின் பின்னால் யார் நிற்கின்றார் என்ற கேள்வியை இலங்கையர் அன்று கற்றனர். இன்றைய டிஜிட்டல் நாணயத்தை நோக்கியும் நாம் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

புகையிரதமும் மலாயாக் காசும்

1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905 இல் கொழும்புடன் தொடர்பு பூர்த்தியாயிற்று. இப்பாதையில் அமைந்த சுன்னாகம், வலிகாமத்துச் செம்மண் தந்த வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்குலைக்கும் வாயிலாயிற்று. அதே காலத்தில் நம்மவர் பலர் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர் அனுப்பிய காசு இங்கே கல்வீடாயிற்று, காணியாயிற்று, பிள்ளைகளின் படிப்பாயிற்று. காசைக் கையிற் கொண்டுவராமல் தபாற்கந்தோர் வழியே 'மணியோடர்' எனும் எழுத்தாக அனுப்பலாம் என்ற புதுமையை நம் பாட்டிமார் அன்றே ஏற்றுக்கொண்டனர். கடல் கடந்து வந்தது காசன்று; கணக்கே. இன்று கைத்தொலைபேசியில் நிகழ்வதும் இதுவன்றி வேறன்று.

மலாயா மற்றொரு பாடத்தையும் தந்தது. 1942 முதல் 1945 வரை அந்நாட்டை ஆண்ட யப்பானியர் தம் நோட்டுகளை வெளியிட்டனர். பத்து டொலர் நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்தமையால், 'வாழைப்பழக் காசு' என்றே அது பெயர் பெற்றது. அளவின்றி அச்சிட்டமையாற் பெறுமதி தேய்ந்தது. 1945 இல் அவ்வாட்சி ஒழிந்தவுடன் அது செல்லாக் காசாயிற்று. அதனை நம்பிச் சேர்த்தோர் வெறுங்கையராயினர்.

நமது வங்கி, நமது நோட்டு

சுதந்திரத்தின்பின், 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணயவிதிச் சட்டத்தின்படி, 1950 ஓகத்து 28 இல் மத்திய வங்கி தொடங்கப்பெற்றது. ஜோன் எக்ஸ்ரர் முதலாவது ஆளுநர். ரூபாவுக்குப் பொறுப்பாளர் இன்னார் என்பது தெளிவாயிற்று.

அரசின் நோட்டும் அரசின் ஆணைக்கு உட்பட்டதே. 1970 இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபா நோட்டுகள் செல்லா என்று அறிவித்தார். பெட்டகத்திற் பதுக்கியோர் திகைத்தனர். வங்கியிலே கணக்கு வைத்தோர் அமைதியாயிருந்தனர். அதே எழுபதுகளில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது நம் கமக்காரர் செழித்தனர். கமக்காரன் கையிற் காசு புழங்கியபோது கடைத்தெருவும் களைகட்டிற்று. 1977 இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அச்செழிப்பும் குன்றியது. காசின் வடிவம் எதுவாயினும், அதன் உயிர் உற்பத்தியிலே உள்ளது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

பின்னர் வந்த போர்க்காலத்தை விரித்துரைக்க நெஞ்சம் துணியவில்லை. 1990 இல் புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது. குடாநாட்டுக்கு ஒளி தந்த மின்நிலையம் இருந்த சுன்னாகத்திலேயே குப்பி விளக்கு எரிந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுதும் பெயர்ந்து நடந்தபோது, மக்கள் எடுத்துச் சென்றவை உயிரும், ஒரு பையும், மடியிற் கட்டிய காசும், கழுத்திற் கிடந்த தாலிக்கொடியுமே. அந்த இரவிலே நடந்தவர்களுக்கு, 'கையிற் காசு வேண்டாம், எல்லாம் கருவியில் இருக்கின்றது' என்று இன்று ஒருவர் சொன்னால், அவர்கள் ஐயுறுவது அறியாமையன்று, அனுபவம். இதனை இளைஞர் மறத்தலாகாது.

கைத்தொலைபேசிக் காசு

2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் கைத்தொலைபேசி இங்கே பரவிற்று. 2009 இல் போர் ஓய்ந்தது. 2013 இல் சுன்னாகத்தில் 'உத்துரு ஜனனி' மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 2015 தை மாதம் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. இவற்றோடு பணத்தின் புதுவடிவமும் வந்தது. 2012 இல் 'ஈசி காஷ்' என்னும் கைத்தொலைபேசிப் பணச்சேவை தொடங்கிற்று. 2015 இல் ஒரு வங்கியிலிருந்து வேறொரு வங்கிக்கு அந்தக் கணமே பணம் மாற்றும் பொது வலையமைப்பு வந்தது. 2018 இல் மத்திய வங்கி 'லங்கா கியூ. ஆர்.' என்னும் பொதுக்குறிக்கு விதி வகுத்தது. அதன்படி கடைக்காரர் மேசையில் ஓர் அட்டை வைத்தாற் போதும். வாடிக்கையாளர் எவ்வங்கியினராயினும் அதனைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்துத் தொகையைச் செலுத்தலாம்.

ஆனால் அக்குறியை நாடறியச் செய்தது விளம்பரமன்று, வறுமையே. 2022 இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றது. எரிபொருள் வரிசைகள் நீண்டன. அவ்வாண்டு ஆடி மாதத்தில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ. ஆர். குறி அறிமுகமாயிற்று. உழவு இயந்திரம் வைத்திருந்த கமக்காரரும், மோட்டார்ச் சைக்கிள் வைத்திருந்த மீன் வியாபாரியும் அக்கட்டக்குறியைக் கடதாசியில் அச்சிட்டுப் பையில் வைத்துத் திரிந்தனர். படிப்பிக்க ஆசிரியர் எவரும் வரவில்லை. பசியும் தேவையுமே படிப்பித்தன.

2024 மாசி 12 இல் இந்தியாவின் யூ. பி. ஐ. முறை இலங்கையிலும் தொடங்கப்பட்டது. 2023 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. அக்கரையிலிருந்து வரும் யாத்திரிகர் தம் ஊர்க் கணக்கிலிருந்தே இங்கே செலுத்தலாம் என்ற நிலை, சேதுக் காசு இருகரையிலும் வழங்கிய நாள்களை நினைவூட்டுகின்றது. 2025 மாசியில் அரசாங்கக் கட்டணங்களுக்காக 'கோவ்பே' முறையும் வந்தது.

மூன்றையும் ஒன்றெனக் கொள்ளற்க

இங்கே ஒரு தெளிவு வேண்டும். 'டிஜிட்டல் காசு' என்ற ஒரே பெயரால் மூன்று வேறு பொருள்களை மக்கள் குறிக்கின்றனர்.

ஒன்று, மேலே சொன்ன கியூ. ஆர். முறை. இது புது நாணயமன்று. அதே ரூபா, வங்கிக் கணக்கொன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகின்றது. பழைய மணியோடரின் பேரப்பிள்ளை என்று இதனைச் சொல்லலாம்.

இரண்டு, பிற்கொயின் முதலிய மறைகுறி நாணயங்கள். இவற்றின் பின்னால் அரசுமில்லை, வங்கியுமில்லை. இவை சட்டமுறை நாணயமல்ல என்றும், இவற்றில் முதலிடுவோர் பேரிழப்புக்கு உள்ளாகலாம் என்றும் இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளிற் பொதுமக்களை எச்சரித்தது. எல் சல்வடோர் என்னும் நாடு 2021 செப்டெம்பரிற் பிற்கொயினைச் சட்டமுறைப் பணமாக்கி, வணிகர் ஏற்றே ஆகவேண்டும் என்றது. ஆயினும் மக்களிற் பெரும்பாலோர் அதனைக் கைக்கொள்ளவில்லை. 2025 தொடக்கத்தில் அந்நாடே சட்டத்தைத் திருத்தி, ஏற்பது வணிகர் விருப்பம் என்றாக்கிற்று. ஆணையினால் மட்டும் நம்பிக்கை பிறவாது.

மூன்று, மத்திய வங்கிகளே வெளியிடும் டிஜிட்டல் நாணயம். பகாமாஸ் தீவுகள் 2020 இல் இதனை வெளியிட்டன; இந்தியா 2022 இறுதியிற் பொதுமக்களிடையே பரீட்சித்தது. இது நோட்டைப் போல அரசின் நேரடி வாக்குறுதி. ஆயினும் கடதாசியில் இல்லை.

நமக்கு எஞ்சும் பாடம்

வணிகர் ஏன் ஏற்கின்றார், ஏன் தயங்குகின்றார்? ஏற்பதற்குக் காரணங்கள் பல. சில்லறைத் தட்டுப்பாடு இல்லை, கள்ளநோட்டுப் பயமில்லை, இரவிற் காசுப்பெட்டியைச் சுமந்து போகவேண்டியதில்லை, கணக்கு ஒழுங்காய் நிற்பதால் வங்கியிற் கடன் கேட்க வாய்ப்புண்டு. தயங்குவதற்கும் காரணங்கள் உள. வரவிற் சிறுபகுதி கட்டணமாய்க் கழிகின்றது. மின்சாரமோ தொடர்போ அற்றால் வியாபாரம் நிற்கும். வருமானம் முழுதும் எழுத்தில் ஏறுவது சிலருக்கு அச்சம். மாற்றுப் படத்தைக் காட்டிக் 'காசு அனுப்பிவிட்டேன்' என்று ஏமாற்றுவோரும் உளர். இருதட்டும் பாரமுடையனவே.

ஆகவே இளைஞர்க்கு நான்கு வேண்டுகோள்.

முதலாவது, பணத்தின் பின்னால் யார் பொறுப்பு நிற்கின்றார் என்பதை அறியாமல் எக்காசையும் ஏற்காதீர். 1884 உம் 1945 உம் நமக்கு ஆசிரியர்கள்.

இரண்டாவது, இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர். வங்கியினர் என்று சொல்லிக்கொண்டு கேட்போருக்கும் சொல்லாதீர். பெட்டகத் திறப்பைத் தெருவில் வைப்பாருண்டோ?

மூன்றாவது, முழுவதையும் ஒரே இடத்தில் வையாதீர். வங்கியும் வேண்டும், அவசரத்துக்குக் கைக்காசும் வேண்டும். இடம்பெயர்ந்து நடந்த தலைமுறையின் அறிவுரை இது.

நான்காவது, முதியோரை விட்டுவிட்டு முன்னே ஓடாதீர். நமது வாலிபர் சங்கம் மாதத்தில் ஒருநாள் மாலையேனும், சந்தை வியாபாரிகளுக்கும் சிறுகடைக்காரருக்கும் பொறுமையோடு சொல்லிக்கொடுக்கும் பணியை மேற்கொள்ளலாம். ஊரார் கணக்கை ஊர்ப்பிள்ளைகள் காப்பதைவிட உயர்ந்த தொண்டு வேறென்ன? அன்றியும், விரும்பாதாரைக் கட்டாயப்படுத்தலும் ஆகாது. காசாகவே வாங்க விரும்பும் ஆச்சிக்கு அவ்வுரிமை உண்டு.

இனி அந்தச் சந்தைக் காட்சிக்கு மீள்வோம். கத்தரிக்காய் கைமாறிற்று, காசு கைமாறவில்லை. செம்பில்லை, கடதாசியில்லை, கருவியுமில்லை. 'நீ ஆற்றை மோன் எண்டு எனக்குத் தெரியும்' என்ற ஒரு சொல்லே அங்கே நாணயமாய் நின்றது. கந்தரோடைக் காசுக்கும், நந்தி பொறித்த சேதுக் காசுக்கும், மத்திய வங்கி நோட்டுக்கும், கட்டக்குறிக்கும் அடியில் நிற்பதும் அதுவே. வடிவம் மாறலாம், இனியும் மாறும். அவ்விளைஞர் மறுநாட் காலையிற் சந்தைக்கு வந்து, ஆச்சியின் கையிற் காசை வைத்துவிட்டுப் போனதை நான் கண்டேன். ஆச்சி எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த முடிச்சு அவிழாதிருக்கும் வரை நம்மூர் வணிகத்துக்குக் குறைவில்லை.